சுருளிப்பட்டிக்கு எட்டாத கனெக்ஷன்

அறிக்கை தயாராக இருந்தது. விசாரணைதான் இன்னும் நடக்கவில்லை.

தேனி அல்லிநகரத்தில் ஒரு பழ ஏற்றுமதி நிறுவனம். முதல் மாடியில் ஏசி போட்ட அறை. முதலாளி சங்கரலிங்கம் நான்கு பக்க அறிக்கையைத் துப்பறியும் முத்துவீரன் பக்கம் நகர்த்தினார். மேலே 'சுதந்திரமான விசாரணை அறிக்கை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் முத்துவீரனின் பெயரும், கையெழுத்துக்கு ஒரு கோடும் இருந்தன. பேனாவைக்கூட மூடி கழற்றி வைத்திருந்தார்கள்.

"ஒரு பார்வை பாத்துட்டு கையெழுத்தைப் போடுங்க. காப்பி வருது," என்றார் சங்கரலிங்கம்.

"காப்பி வர்றதுக்குள்ள கேஸ் முடியுதுண்ணே. நம்ம சரித்திரத்துலயே இல்லாத வேகம்," என்றாள் நதியா.

முத்துவீரனின் சரித்திரம் அப்படி ஒன்றும் பெரியதல்ல. பெரியகுளத்தில் ஒரு பரோட்டாக் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். அதற்கு முன்பு அதே அறையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். ஊரில் எல்லோர் கையிலும் செல்போன் வந்து சென்டர் படுத்ததும், போர்டை மட்டும் மாற்றிக்கொண்டார். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி மாப்பிள்ளை குடிப்பாரா, குடித்தால் எவ்வளவு என்கிற வகை. நதியா அவருக்கு உதவியாளர். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள். ஸ்கூட்டர் ஓட்டுவதும், அவர் தன்னைப் பற்றிப் பெரிதாகப் பேச ஆரம்பிக்கும்போது ஊசியால் குத்திக் காற்றை இறக்குவதும் அவள் பொறுப்பு.

முத்துவீரன் அறிக்கையைப் புரட்டினார். விஷயம் இதுதான். நாராயணத்தேவன்பட்டித் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த பன்னீர் திராட்சை, பூச்சிமருந்துச் சோதனையில் தேறவில்லை. சுருளிப்பட்டி பேக்கிங் ஷெட்டில் வேலை பார்க்கும் அப்ரின் என்ற பெண், 'தோல்வி' என்றே கம்ப்யூட்டரில் பதிந்திருக்கிறாள். புதன்கிழமை யாரோ அதைத் 'தேர்ச்சி' என்று மாற்றிவிட்டார்கள். சரக்கு கொச்சி வழியாக துபாய் போனது. அங்கே திரும்பவும் சோதித்த வியாபாரி மொத்தச் சரக்கையும் நிராகரித்துவிட்டார். மாற்றியது யார் என்று வெளியாள் ஒருவரை வைத்து விசாரித்து, அறிக்கையை நேரடியாகத் தனக்கு மெயில் அனுப்ப வேண்டும், அதுவரை இந்தப் பக்கத்துத் திராட்சையே வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

"அந்த வெளியாள் நாமதானா?" என்றார் முத்துவீரன்.

"தேனியில ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். அவங்க நேர்ல போயி விசாரிக்கணும்னாங்க," என்றார் சங்கரலிங்கம் குறைபட்டுக்கொள்ளும் குரலில்.

பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்றிருந்தவன் கார்த்திக்ராஜ். நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை எல்லாம் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அவன் முன்னால் வந்து மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தான்.

"டேட்டாபேஸ் சர்வர் இந்த ஆபீஸ்லதான் இருக்கு சார். மாத்துனது ஒரு சின்ன புரோகிராம், சுருளிப்பட்டி யூசர் பேர்ல வந்திருக்கு. சர்வர் பதிவுல ரெண்டும் இருக்கு. அந்த புரோகிராம் அப்ரின் கம்ப்யூட்டர்ல கிடந்துச்சு. இதுதான் அதோட கனெக்ஷன் ஸ்ட்ரிங்."

கட்டம் கட்டி அச்சடித்திருந்த வரி இது:

jdbc:mysql://theni-server/pazham?user=suruli&connectTimeout=786

"கனெக்ஷன் ஸ்ட்ரிங்னா?" என்றார் முத்துவீரன், தெரிந்தும் தெரியாத மாதிரி. கேள்வி கேட்கும்போது அசடாக இருப்பது அவருடைய தொழில் ரகசியம். மற்ற நேரங்களில் எப்படி இருப்பார் என்பதை நதியா வெளியே சொல்வதில்லை.

"சர்வர் எங்க இருக்கு, எந்த டிரைவர், அதாவது நடுவுல நின்னு பேசுற மென்பொருள், வழியாப் போகணும், யார் பேரைச் சொல்லி உள்ள நுழையணும், பதில் வரலைன்னா எவ்வளவு நேரம் காத்திருக்கணும், எல்லாம் இந்த ஒரு வரியில இருக்கும். அச்சடிக்கிறப்ப பாஸ்வேர்டை மட்டும் எடுத்துட்டோம்."

"கடைசியில இருக்கிற நம்பரைப் பாத்தீகளா?" என்றார் சங்கரலிங்கம்.

"எழுநூத்தி எண்பத்தாறு."

"அந்தப் புள்ள பேரு அப்ரின். நான் வேற ஒண்ணும் சொல்லல. எனக்கு எல்லா மதமும் ஒண்ணுதான். நம்பரைப் பாருங்கண்டு மட்டும் சொல்றேன்."

எல்லா மதமும் ஒன்று என்று யாராவது தானாக முன்வந்து சொன்னால், அடுத்த வாக்கியத்தை முத்துவீரன் கூர்ந்து கேட்பது வழக்கம். அடுத்த வாக்கியமும் வந்தது.

"அதுக்குக் கவர்மெண்டு வேலை வேற வரப்போகுதாம். பரிட்சை பாஸாகி, போலீஸ் விசாரணைதான் பாக்கியாம். போறப்ப நமக்கு ஒரு ஆப்பு வச்சுட்டுப் போவோம்னு நெனச்சிருக்கு. சாயந்தரம் ஸ்டேஷன்ல புகார் குடுக்கப்போறேன்."

புகார் பதிவானால், அப்ரினுக்கு அந்த வேலை கனவிலும் கிடைக்காது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. சங்கரலிங்கத்துக்கு மிக நன்றாகத் தெரிந்தது.

காப்பி வந்தது. முத்துவீரன் தம்ளரை மேஜைக் கண்ணாடி மேல் வைத்தார். கண்ணாடிக்கு அடியில் குலதெய்வம், பேரனின் மொட்டைத் தலை, பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் இருபது ரூபாய் நோட்டு, யாரோ ஒரு பெரிய மனிதருக்கு முதலாளி பொன்னாடை போர்த்தும் படம் என்று ஒரு சிறிய கண்காட்சியே இருந்தது.

"கையெழுத்து போடுறதுல ஒண்ணுமில்ல. ஆனா துபாய்க்காரரு போன் பண்ணி, அந்த ஷெட்டு எப்படி இருக்கும்னு கேட்டா நான் என்ன சொல்றது? ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்," என்றார் முத்துவீரன்.

"அங்கன என்ன இருக்கு பாக்குறதுக்கு?" என்றார் முதலாளி.

"அதான் பாக்கணும்கிறேன்."

சின்னமனூர் தாண்டும்வரை நதியா ஹாரனில்தான் பேசினாள். அது அபூர்வம். உத்தமபாளையத்தில் ஒரு டீக்கடை ஓரம் ஸ்கூட்டரை நிறுத்தியதும் ஆரம்பித்தாள்.

"அண்ணே, அந்த டைம் அவுட்டு, காத்திருக்கிற நேரம். எழுநூத்தி எண்பத்தாறு செகண்டுண்டா பதிமூணு நிமிஷம். கதவைத் தட்டிட்டு பதிமூணு நிமிஷம் வாசல்ல நிக்கிற திருட்டை நான் கேள்விப்பட்டதே இல்ல. நம்ம மாப்பிள்ளை கேஸ்லகூட அவ்வளவு நேரம் நீங்க நின்னதில்ல."

"திருடன் தப்புப் பண்ணுவான், சரி. தப்புப் பண்ணிட்டு அதுக்குக் கீழ மதத்தையுமா எழுதி வச்சுட்டுப் போவான்?"

"அதுதான் எனக்கும் எரியுது. கொலைகாரன் சட்டைப் பையில ஆதார் கார்டைப் போட்டுட்டுப் போன மாதிரி இருக்கு."

"எரியட்டும். ஆனா எரிச்சல் சாட்சி சொல்லாது. வண்டியை எடு ஆத்தா."

கம்பம் தாண்டி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போகிற சாலையில் ஷெட் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே பெண்கள் கொத்துக் கொத்தாகத் திராட்சையைத் தூக்கி, அழுகலைக் கத்தரித்து, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். அதற்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் ஒரு கேரிப்பை தொங்கியது. பைக்குள் ஒரு செல்போன் இருந்தது.

"அதுதான் எங்க இண்டர்நெட்டு," என்றாள் அப்ரின். தலையில் துப்பட்டா, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. "அந்தக் கம்பியில தொங்கவிட்டாத்தான் ரெண்டு கோடு சிக்னல் வரும். மழை பேஞ்சா அதுவும் மலையேறிக் கேரளா டவரைப் பிடிச்சுக்கும். அப்புறம் போன்ல மலையாளம்தான் கேக்கும்."

"புதன்கிழமை எங்கனம்மா இருந்த?"

"காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் இங்கனதான். அதையே எனக்கு எதிரா எழுதியிருக்காகளாமே." மேஜைமேல் கிடந்த திராட்சைக் காம்பைத் தட்டிவிட்டாள். "தோல்வின்னு பதிஞ்சதே நான்தான் சார். மாத்தணும்னா பதியாமலே இருந்திருப்பேனே. இதை யாருமே கேக்கல. என் பேரைப் பாத்தாக, நம்பரைப் பாத்தாக, முடிஞ்சு போச்சுண்டாக. நாலு வருஷம் படிச்சு எழுதின பரிட்சை. அதைவிட, ஷெட்டுல ரெண்டு பேரு எங்கிட்ட பேசாம ஒதுங்குறதுதான் தாங்க முடியல."

நதியா கொஞ்சம் சங்கடத்துடன் கேட்டாள். "அந்த நம்பரு... பிஸ்மில்லாவுக்குப் பதிலா வீட்டுல எழுதுவீகளா?"

அப்பாவை நினைத்ததும் அப்ரின் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் எதுவும் இல்லை.

"எங்க வீட்டுலயா? எங்க அத்தா உமர் பாருக்கைப் பத்தி உத்தமபாளையத்துல யாரைவேணா கேளுங்க. 'அதெல்லாம் மார்க்கத்துல கிடையாது, நம்பருக்கு என்ன மரியாதை' அப்படின்னுவாக. பெரியத்தா, அத்தாவோட அண்ணன், லாரி முகப்புல அந்த நம்பரைப் பெருசா எழுதியிருந்தாக. எங்க அத்தா கத்தியை எடுத்துட்டுப் போயி சுரண்டி விட்டுட்டாக. அன்னையில இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்ல. பெருநாளைக்குக்கூட பிரியாணி தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் போச்சு. அந்த நம்பரை நான் எழுதுனேன்னு தெரிஞ்சா போலீஸுக்கு முன்னாடி எங்க அத்தா வந்துருவாக."

"யார் எழுதுனாலும் உங்க வீட்டு விவரம் தெரியாமத்தான் எழுதியிருக்காக," என்றாள் நதியா.

"எனக்கு இது போதும். போலீஸுக்குப் போதாது," என்ற முத்துவீரன், கட்டம் போட்ட வரியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். "நதியா, இந்த வரியோட தலையில என்ன இருக்கு?"

"ஜேடிபிசி. ஜாவா டிரைவர்."

"அப்ரின், நீ தினமும் வேலை பாக்குற புரோகிராம்?"

"அது பழசு சார். வேற டிரைவர். அதுல காத்திருக்கிற நேரத்தை அறுபதுன்னு வச்சிருக்காக, ஒரு நிமிஷம். முன்னாடி பத்து செகண்டுல விட்டுட்டுப் போயிரும். நாங்க சண்டை போட்டதுக்கப்புறம் கார்த்திக்ராஜ் சார்தான் கூட்டி வச்சாரு."

"அதுல அறுபதுன்னா அறுபது செகண்டு. இதுல எழுநூத்தி எண்பத்தாறுன்னா?"

நதியா செல்போனை எடுத்து அந்த டிரைவரின் கையேட்டைத் தேடினாள். திரையில் வட்டம் சுற்றியது. அவள் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் போய்க் கையை உயர்த்திப் பிடித்தாள். வட்டம் சுற்றியது. பழம் அடுக்கிக்கொண்டிருந்த முருகம்மாள், ஷெட்டிலேயே மூத்தவள், அந்தப் பக்கம் பார்த்து, "யாருக்குத்தா சூடம் காட்டுற?" என்றாள்.

பக்கம் ஒருவழியாகத் திறந்தது. நதியா இரண்டு முறை படித்தாள்.

"அண்ணே. இந்த டிரைவருக்கு மில்லி செகண்டு கணக்கு. ஆயிரம் போட்டாத்தான் ஒரு செகண்டு."

"அப்படின்னா எழுநூத்தி எண்பத்தாறு?"

"ஒரு செகண்டுகூட இல்ல. பதிமூணு நிமிஷம் வாசல்ல நிக்கிறவன்னு நெனச்சோம். இவன் மணியை அடிச்சுட்டு ஓடிப்போற பய."

முத்துவீரனின் முகத்தில், ஒரு மாப்பிள்ளை பின்வாசல் வழியாக டாஸ்மாக்கிலிருந்து வெளியே வருவதைக் கண்ட மாதிரி ஓர் ஒளி வந்தது.

"வாலைப் பாத்தே எல்லாரும் தீர்ப்பு எழுதிட்டாக. தலையில எந்த டிரைவருன்னு படிச்சாத்தான் வாலுல இருக்கிற நம்பருக்கு அர்த்தம். அப்ரின், உனக்கு சர்வர் கிடைக்க எவ்வளவு நேரமாகும்?"

"நல்ல நாள்ல நாலஞ்சு செகண்டு ஆகும். சில நாளு, கிளிக் பண்ணிட்டு ரெண்டு கொத்து பெட்டியில அடுக்கிட்டு வருவேன்."

"அந்தக் குற்றவாளிப் புரோகிராமை ஓட்டு."

ஓட்டினாள். விரலை எடுப்பதற்குள் சிவப்பு எழுத்தில் 'இணைப்பு கிடைக்கவில்லை' என்று வந்துவிட்டது. திரும்ப ஓட்டினாள். திரும்ப வந்தது. நதியா ஓட்டினாள். கேரிப்பையை வேறு கம்பிக்கு மாற்றித் தொங்கவிட்டு ஓட்டினார்கள். முத்துவீரன் தன்னுடைய போனில் நெட்டைத் திறந்துவிட்டு ஓட்டினார். கடைசியில் முருகம்மாளே கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"உள்ள ஆளு எந்திரிச்சு வர்றதுக்குள்ள கதவை இழுத்துச் சாத்துறீகளே, யாருதான் வருவாக?" என்றாள்.

இந்த வழக்கில் அதுவரை எழுதப்பட்ட நான்கு பக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது. நதியா எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டாள். அந்தப் புரோகிராமையும் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டாள்.

அப்ரின் தானும் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். "அப்போ இதை வச்சு நான் மாத்தியிருக்கவே முடியாதா சார்?"

"நீ மட்டுமில்ல. சுருளிப்பட்டியில உக்காந்து எவனாலயும் முடியாது. ஒரு செகண்டுக்குள்ள சர்வர் கிடைக்கணும்னா, சர்வர் இருக்கிற கட்டடத்துலயே உக்காந்திருக்கணும்."

"அப்புறமா நான் நம்பரை மாத்தி வச்சுட்டேன்னு சொன்னா?"

முத்துவீரன் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை அவளிடம் காட்டினார். 'புதன்கிழமைக்குப் பிறகு இந்தக் கோப்பு எவராலும் திருத்தப்படவில்லை என உறுதியளிக்கிறேன்' என்று கார்த்திக்ராஜ் கையெழுத்துப் போட்டிருந்தான். உன்னை இறுக்கக் கட்ட அவன் கொண்டு வந்த கயிறு, அவனையே கட்டப்போகிறது என்று சொல்ல நினைத்தார். நதியா கிண்டல் செய்வாள் என்பதால் சொல்லவில்லை.

அல்லிநகரம் திரும்பியபோது சங்கரலிங்கம் சட்டையை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். புகார் மனு நெற்றியில் மஞ்சள் குங்குமத்தோடு மேஜையில் இருந்தது. முத்துவீரன் முகத்தை முழு அசடாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நதியா அனுமதி கேட்டு, ஓரத்து மேஜையில் இருந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, செல்போனைத் திரைக்கு எதிரே சாய்த்து வைத்தாள்.

"பாத்தாச்சு முதலாளி. சரியான கைகாரி. கார்த்திக்ராஜ் தம்பி கண்டுபிடிச்சதைப் பாத்து அசந்துட்டேன். ஒரே ஒரு சந்தேகம், அறிக்கையில எழுதணும்ல. எழுநூத்தி எண்பத்தாறு செகண்டு, பதிமூணு நிமிஷம் காத்திருந்து, அப்புறம்தான அந்தப் புள்ள உள்ள நுழைஞ்சிருக்கு?"

கார்த்திக்ராஜ் உதட்டோரம் சிரித்தான். கம்ப்யூட்டர் தெரிந்தவன் முன்னால் தவறாகப் பேசினால் அவனுக்கு அரிப்பு எடுக்கும். முதலாளி கண்ணைக் காட்டியும் அவனால் சொறியாமல் இருக்க முடியவில்லை.

"செகண்டு இல்ல சார். அந்த டிரைவருக்கு மில்லி செகண்டு. ஒரு செகண்டுக்கும் கம்மி."

"ஓ. மில்லி செகண்டா. நதியா, எழுதிக்க. தம்பிக்கு இது முன்னாடியே தெரியும்."

நதியா எழுதிக்கொண்டாள்.

"தெரிஞ்சும், ஒரு செகண்டுக்குள்ள சுருளிப்பட்டி ஷெட்டுல இருந்து கனெக்ட் ஆச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீகளே தம்பி. அந்த ஷெட்டு நெட்டுக்கு ஒரு நிமிஷம் காத்திருக்கணும்னு செட் பண்ணினதே நீங்கதானே?"

"அன்னைக்கு... அன்னைக்கு சிக்னல் நல்லா இருந்திருக்கலாம்."

"நதியா, அந்தப் புரோகிராமை இங்கன ஓட்டு."

ஓட்டினாள். சிவப்பு எழுத்து வரவில்லை. பழங்களின் பட்டியல் முழுதாகத் திரையில் வந்து நின்றது. "சர்வர் பக்கத்து ரூம்ல இருக்குல்ல. கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து நிக்குது," என்றாள்.

சங்கரலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார். நல்ல நடிகர். முகத்தில் அதிர்ச்சி, வேதனை, துரோகத்தால் உடைந்த நெஞ்சு எல்லாம் வரிசையாக வந்தன.

"ஏலே கார்த்திக்கு, நீயாடா? சோறு போட்ட வீட்டுக்கே இப்படிப் பண்ணிட்டியே. சார், அறிக்கையில பேரை மாத்திருங்க. இவன் பேர்லயே புகார் குடுக்கிறேன்."

ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை அப்ரின் இருந்த இடத்தில் இப்போது கார்த்திக்ராஜ் இருந்தான். புகார் மனுவில் பெயரை அடித்து எழுத இடம்கூட இருந்தது. அவன் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"என்ன முதலாளி இது? மாத்தச் சொன்னதே நீங்கதான. நாராயணத்தேவன்பட்டித் தோட்டம் யார் பேர்ல இருக்கு? உங்க வீட்டம்மா பேர்லதான இருக்கு? துபாய்ல எவன் சோதிக்கப் போறான்னீக. சோதிச்சாலும் அந்தப் புள்ள தலையில கட்டு, படிக்காதவனுக்கும் புரியிற மாதிரி ஒரு அடையாளம் வையிண்டு சொன்னது யாரு? நம்பரைச் சொன்னது யாரு?"

"வாயை மூடுறா."

"பாஸ்வேர்டுல வச்சா வெளிய காட்ட முடியாது. சர்வர் பேருல வச்சா ஓடாது. இந்த ஒரு இடத்துலதான் வைக்க முடிஞ்சுச்சு. இங்கன ஓடிருச்சு, அதை வச்சு மாத்திட்டு, அப்படியே ஷெட்டு கம்ப்யூட்டர்ல கொண்டு போயி போட்டேன். அங்கன ஓடாதுன்னு தெரியும் சார். யாரு போயிப் பாக்கப் போறாண்டு நெனச்சோம்." அவன் முத்துவீரனைப் பார்த்தான். "நீங்க போக மாட்டீகன்னுதான் உங்களைக் கூப்பிட்டாக."

இது முத்துவீரனைத் தொட்டது. ஆனால் அவர் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நதியாவின் காதில் நன்றாகவே விழுந்தது, சில வாரங்களுக்கு இதை வைத்தே அவரைக் கிண்டல் செய்யலாம் என்று குறித்துக்கொண்டாள்.

"பய பொய் சொல்றான். அந்த நம்பருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் சங்கரலிங்கம்.

நதியா கீபோர்டில் கடைசியாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து வந்தாள். காலையில் வைத்த காப்பித் தம்ளர் இன்னும் மேஜைக் கண்ணாடி மேலேயே இருந்தது. அதைத் தூக்கினாள். அடியில் படிந்த வட்டத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். குனிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த இருபது ரூபாய் நோட்டின் எண்ணை வாய்விட்டுப் படித்தாள். கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படித்தாள்.

"ஏழு. எட்டு. ஆறு."

சங்கரலிங்கத்தின் கை தானாகப் போய் அந்த நோட்டை மறைத்தது. கண்ணாடிக்கு மேலே கையை வைத்து மறைத்தால் என்ன மறையும் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

"அது... அது அதிர்ஷ்டத்துக்கு வச்சிருக்கு. ஊருல எல்லாரும் வச்சிருக்காங்க."

"நல்லா வைங்க. அப்ரின் வீட்டுல அந்த நம்பரை லாரியில இருந்து கத்தியால சுரண்டி எடுத்து, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேச்சை விட்டுட்டாக. நீங்க அதைக் குலதெய்வத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கீக. இந்தக் கேஸ்லயே அந்த நம்பரை நம்புற ஆளு நீங்க ஒருத்தர்தான் முதலாளி," என்றார் முத்துவீரன்.

அவர் முகத்தில் அசடு இப்போது துளியும் இல்லை. கோபமாகத்தான் இருந்தார். ஒரு பெண்ணின் நான்கு வருடப் படிப்பை, முதலாளி தன்னுடைய அதிர்ஷ்ட எண்ணாலேயே அடித்து நொறுக்கப் பார்த்தது அவருக்குத் தாங்கவில்லை.

சங்கரலிங்கம் மெதுவாக உட்கார்ந்தார். குரலை மாற்றினார். "வீரண்ணே. நம்ம ஊரு விஷயம். நமக்குள்ள பேசிக்குவோம். துபாய்க்காரனுக்கு இன்னும் ஒண்ணும் போகலையே?"

"நதியா?"

"போயிருச்சுண்ணே. அவுக மெயில் அட்ரஸ் முதலாளி குடுத்த அறிக்கையிலயே இருந்துச்சு. ஷெட்டுல எடுத்த வீடியோ, இப்ப இங்கன ஓடுன வீடியோ, தம்பி சொன்னது முழுசும் ஒலிப்பதிவா. அப்ரினுக்கும் ஒண்ணு, ஸ்டேஷனுக்கும் ஒண்ணு." அவள் முதலாளியைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். "இதையே சுருளிப்பட்டியில இருந்து அனுப்பியிருந்தா இன்னும் வட்டம் சுத்திக்கிட்டு இருக்கும். உங்க நெட்டு ரொம்ப நல்ல நெட்டு. அழுத்துன கையோட போயிருச்சு."

மாடிப்படியில் இறங்கும்போதே முத்துவீரன் அப்ரினுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, நின்றது, மலையாளத்தில் ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. மூன்றாவது முறை கிடைத்தது. அவர் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தார். போகவில்லை, அப்ரின் அழுதுகொண்டிருந்தாள். பின்னால் முருகம்மாள், "அழுது முடிச்சுட்டு அந்தப் பெட்டியை எடுத்து வை" என்பது கேட்டது.

"சார், உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல," என்றாள் அப்ரின் கடைசியில். "இன்னைக்கு ராத்திரியே எங்க அத்தா உங்களைப் பாக்க வருவாக. திருட்டுப் பட்டம் போச்சுன்னு தாராளமாச் சொல்லுங்க. அந்த நம்பரை மட்டும் சொல்லிறாதீக."

"ஏம்மா? அதுதானே கேஸே?"

"இப்பத்தான் சார் ஒரு விசாரணை முடிஞ்சிருக்கு," என்றாள் அப்ரின், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அத்தா விசாரணையில உங்க டிரைவர் கையேடு எல்லாம் செல்லாது."